காத்திருக்கும் சுமை

ஆறாம் பாத்திக்கு நான் முதன்முதலில் போனது ஒரு விருது கொடுக்க.

கடற்பாசியை அழுத்திச் செய்த பச்சைப் பலகை அது. ‘மின் நுகர்வைத் தாமாகவே குறைத்துக்கொண்ட முன்மாதிரிக் குடியிருப்பு’ என்று அதில் பொறித்திருந்தார்கள். மாவட்டத்தின் நானூற்றுச் சொச்சம் குடியிருப்புகளில் ‘நிரவி’ இந்த ஒன்றைத்தான் தேர்ந்தெடுத்திருந்தது. நிலக்கரி உலைகளை மூடிய பிறகு, வெயிலும் காற்றும் தருகிற அளவுக்குள்தான் எல்லோரும் வாழ வேண்டும் என்று சட்டம் வந்தது. யாருக்கு எப்போது எவ்வளவு மின்சாரம் என்பதை மனிதர்கள் முடிவு செய்தால் பங்கு செல்வாக்குள்ளவன் பக்கம் சாயும் என்று அந்த வேலையை ஓர் இயந்திரத்திடம் ஒப்படைத்தோம். அதுதான் நிரவி. அதை வடிவமைத்த ஆறு பேரில் நானும் ஒருத்தி. அதன் விதிப்புத்தகத்தின் முதல் வரி என்னுடையது: மனுக்களை நம்பாதே, சுமையை மட்டும் நம்பு.

குடியிருப்பு, தூத்துக்குடி உப்பளத்தின் ஆறாவது வரிசைப் பாத்திகளை ஒட்டி இருந்தது. ஒரே தெரு, எழுபத்திரண்டு வீடு, தெருக் கடைசியில் ஒரு குளிர்க்கூடம். நான் போனபோது திங்கட்கிழமை காலை பத்தரை. விடிவதற்கு முன் உப்பு வாரப் போன பெண்கள் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கோடை மாதங்களில் பத்து மணிக்கு மேல் யாரும் பாத்தியில் நிற்பதில்லை. குளித்துவிட்டு, கைக்குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் கூட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்துவிடுவார்கள். அங்கே ஒரு பெரிய குளிர்விப்பான் ஓடியது. நடுவில், ஈரத்துணி கட்டிய தொட்டிலில் ஒரு குழந்தை. ஏழாம் மாதத்தில் பிறந்தது, இன்னும் இரண்டு கிலோவைத் தொடவில்லை. சூட்டைச் சமாளிக்க அதன் உடம்புக்குத் தெரியாது என்று சொல்லி ஆஸ்பத்திரியில் அனுப்பியிருந்தார்கள். அதன் தாய் ஜெபசெல்வி தொட்டிலை விட்டு நகரவே இல்லை.

தெருவுக்குப் பேச்சு என்றால் ரோஸ்லின்தான். ஐம்பத்தைந்து வயதிருக்கும். உப்பு அரித்த கால் வெடிப்புகளில் எண்ணெய் தடவிக்கொண்டே என்னிடமிருந்து பலகையை வாங்கி உரக்கப் படித்தார்.

"‘தாமாகவே’ன்னு போட்டிருக்கே மேடம். அது யாரு?"

"நீங்கதான்க்கா. நீங்களா விருப்பப்பட்டுக் குறைச்சிருக்கீங்கன்னு..."

"ஏ பேச்சி, இங்கன வா. நாம விருப்பப்பட்டுக் கொறச்சோமாம். ஒனக்குத் தெரியுமாட்டீ?"

பேச்சித்தாய்க்கு முப்பது வயது இருக்கலாம். கழுத்தில் ஒரு விசில் தொங்கியது. "நான் எதுக்கு விருப்பப்படுதேன்? எனக்கென்ன கிறுக்கா?"

கூடம் சிரித்தது. நானும் சிரித்தேன், அலுவலகச் சிரிப்பு.

"கரண்ட்டப் புடுங்குனதும் நீங்க, பலகை தாரதும் நீங்க" என்றார் ரோஸ்லின். "கன்னத்துல அறைஞ்சுட்டு மிட்டாய் குடுத்த மாதிரில்லா இருக்கு."

மணி பத்து நாற்பது. பேச்சித்தாய் வாசலுக்குப் போய் நீளமாக ஒருமுறை விசில் ஊதினாள். தெரு முழுக்க, வீட்டுக்கு வீடு, மெயின் சுவிட்சுகள் டப் டப்பென்று இறங்கும் சத்தம் வரிசையாகக் கேட்டது. கூடத்தின் மெயினையும் ஒருத்தி இறக்கினாள். குளிர்விப்பான் மோட்டார் ஒருமுறை முனகி, பழைய பேட்டரிக்கு மாறி, பாதி மூச்சில் ஓடத் தொடங்கியது.

நான் கையிலிருந்த திரையைப் பார்த்தேன். மின்வெட்டு பதினோரு மணிக்குத்தான். இன்னும் இருபது நிமிடம் மின்சாரம் இருந்தது.

"ஏன்க்கா இப்பவே இறக்கிட்டீங்க?"

"போறப்ப ஒண்ணும் செய்யாது மேடம். திரும்பி வரும்போதுதான் கோவமா வரும்" என்றார் ரோஸ்லின். "நாலு வருஷம் முந்தி அப்படி வந்து இந்த மோட்டார எரிச்சுட்டு. மாத்த ஒம்பது நாளாச்சு. அந்த ஒம்பது நாள்ல ரெண்டு பச்சப்பிள்ள போச்சு." அவர் குரலைத் தாழ்த்தவில்லை. கையால் மட்டும் பேச்சித்தாயைக் காட்டினார். "ஒண்ணு இவ மகன். அதுலேருந்து, மறந்துரக் கூடாதுன்னு, நேரத்துக்கு முன்னால இவ விசிலடிப்பா, நாங்க எல்லாரும் இறக்கிருவோம். ஒரு நாள் தப்புனது கெடயாது."

"அப்ப வெட்டு எத்தனை மணிக்கு இருந்தது?"

"ஒரு மணியிலேருந்து ஒண்ணர வரைக்கும். அர மணி நேரந்தான். பெறவு அது முன்னால நவுந்துகிட்டே வந்துச்சு. நாங்களும் விசில முன்னால நவுத்துனோம்."

நான் கீழே உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்தது குழந்தையின் துணி மேல் என்று ஜெபசெல்வி இழுத்தபோதுதான் தெரிந்தது.

"என்ன மேடம், மயக்கமா?"

"இல்லக்கா. இந்த மீட்டர் இருக்குல்ல, அது கரண்ட் இல்லாதப்பவும் சின்னதா ஒரு துடிப்பு அனுப்பிப் பாக்கும். எந்த வீட்ல எந்த மிஷின் சுவிட்சு போட்டபடியே கரண்டுக்காகக் காத்திருக்குன்னு எண்ணும். காத்திருக்கிற சுமைன்னு பேரு. அதிகமாக் காத்திருந்தா அதிகத் தேவைன்னு அர்த்தம். ஒண்ணுமே காத்திருக்கலன்னா..."

"சொல்லுங்க."

"இவங்களுக்கு வேணாம்னு அர்த்தம்."

பாதி மூச்சில் ஓடும் மோட்டார்தான் கேட்டது.

ஜெபசெல்வி முதல்முறையாக வாய் திறந்தாள். "அப்ப நாங்க அணைச்சதப் பாத்துதான் அது புடுங்குச்சா?"

"பத்து நாற்பதுக்கே உங்க தெரு முழுக்க வேணாம்னு சொல்லுது. அதனால அடுத்த தடவை நேரம் மாத்தும்போது பத்து நாற்பதுக்கே வெட்டும்."

"நாங்க பத்தரைக்கு இறக்குவோம்" என்றாள் பேச்சித்தாய் மெதுவாக. "அது பத்தரைக்கு வெட்டும்."

மீதியையும் நான் சொல்லித்தான் ஆக வேண்டும். அந்த வாரம் சோதனை வாரம். வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு நிரவி பத்து வருடத்துக்கான ஒதுக்கீட்டுக்கு முத்திரை வைக்கும். இப்போது ஒன்றரைக்குத் திரும்பிவிடும் மின்சாரம், வரைவில் ஆறாம் பாத்திக்குப் பகல் பதினொன்றிலிருந்து நான்கு வரை கிடையாது. பேட்டரி மூன்று மணி நேரம்தான் தாங்கும். கூரையில் சூரியப் பலகை போடப் பட்டா வேண்டும். உப்பளக் குடியிருப்புக்குப் பட்டா கிடையாது.

ரோஸ்லின் பச்சைப் பலகையை என் மடியில் வைத்தார். "இத நீங்களே கொண்டு போங்க மேடம். நாங்க வாங்கிக்கிட்டா, அதுவும் விருப்பப்பட்டு வாங்குனதா ஆயிரும்."

தலைமைப் பொறியாளர் அத்வைத் என்னைவிட ஆறு வயது இளையவர். அவருடைய நாற்காலிக்கு நான்கு வருடங்களுக்கு முன் என் பெயரும் போனது. தேர்வுக் குழு வாய் திறப்பதற்குள் நானே சொன்னேன், எனக்கு வேண்டாம், அவரே இருக்கட்டும் என்று. மறுப்பைக் காதால் கேட்பதைவிட அது சுலபமாக இருந்தது. ‘தாமாகவே விலகிக்கொண்டார்’ என்று குழு எழுதிவைத்தது. வண்டியில் மடிமேல் பலகையோடு திரும்பிக்கொண்டிருந்தபோது அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டு வந்தேன். வீட்டிலும் நான் இப்படித்தான் இருந்தேன். யாராவது கேட்பதற்குள் கடைசித் துண்டு மீனை அடுத்தவர் தட்டில் தள்ளுவேன். திருமணம் முடிந்துபோனதுகூட நான் முந்திக்கொண்டு சொன்னதால்தான். "நீங்க போங்க, நான் பாத்துக்கிறேன்" என்றேன். அவர் போனார். எனக்கு வலித்ததா என்று யாரும் கேட்கவில்லை. கேட்கும்படியாக நான் எதையும் விட்டுவைக்கவும் இல்லை. என்னைப் போன்ற ஒருத்தி எழுதிய விதியை வைத்து இயந்திரம் வேறு எதைக் கற்றிருக்கும்?

அத்வைத் நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். அவர் கெட்டவர் இல்லை. அதுதான் பேச்சைக் கடினமாக்கியது.

"பாவம்தான் மேடம். ஆனா அவங்க அணைச்சது பயத்துலயா விருப்பத்துலயான்னு நிரவி எப்படிக் கண்டுபிடிக்கும்? மனு வாங்கக் கூடாதுன்னு நீங்கதானே எழுதினீங்க?"

"எழுதினேன். தப்பு. திருத்தலாம்."

"வெள்ளிக்கிழமைக்குள்ளயா?"

"ஹைட்ரஜன் ஆலையோட காத்திருக்கும் சுமை எவ்வளவு சார்?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். கடற்கரை ஓரம் பத்து மைல் நீளத்துக்குக் கிடக்கும் அந்த ஆலைதான் பகல் வெயிலின் பெரும்பங்கைக் குடித்துக் கப்பலில் எரிபொருள் ஏற்றி அனுப்பியது. நாட்டின் பசுமைக் கணக்கில் முதல் வரிசையில் இருந்தது.

"ஆலை நிரவிக்கு வெளியில. ஒப்பந்தம்."

"அப்ப அவங்களுக்கு மட்டும் காகிதம் போதும்."

"மேடம்..." அவர் கதவைப் பார்த்துக்கொண்டார். "விதியில வழி இருக்கு. வெள்ளிக்கிழமை வரைக்கும் தொடர்ந்து மூணு நாள் சுமை காத்திருந்தா வெட்டு வேற இடத்துக்குப் போகும். புது இடத்துக்கும் அதே மூணு நாள் சோதனை உண்டு. ஆனா இதை நாம போய் அவங்ககிட்டச் சொல்லக் கூடாது. ஊழியர் சுமையைத் தூண்டினா குற்றம். வேலை போயிடும்."

"தெரியும். அந்த விதியையும் நான்தான் எழுதினேன்."

அன்று மாலையே நான் ஆறாம் பாத்தியில் இருந்தேன்.

மெயினை யாரும் இறக்கக் கூடாது என்று சொல்வது எளிது. கூடத்தின் மோட்டார்தான் தெருவிலேயே பெரிய சுமை. அது காத்திருக்காவிட்டால் மற்ற எழுபத்திரண்டு வீடும் சேர்ந்தாலும் நிரவியின் காதில் முணுமுணுப்புதான். மின்சாரம் திரும்பும் கடைசி நொடிவரை சுவிட்ச் மேலேயே இருக்க வேண்டும். அதாவது, எந்த மோட்டார் எரிந்து இரண்டு குழந்தைகள் போனதோ, அதே மோட்டாரை அதே அடிக்கு நேராக நிறுத்த வேண்டும்.

"தடுப்பான் மாட்டுனா எரியாதுல்லா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"எழுதிக் குடுத்து மூணு வருஷம் ஆச்சு" என்றார் ரோஸ்லின். "அதுவும் நாம தாமாகவே வேணாம்னு சொன்னதா எங்கயாவது எழுதி வச்சிருப்பாவ."

எல்லோரும் ஜெபசெல்வியைப் பார்த்தார்கள். பார்க்காமல் இருக்க முயன்றார்கள், முடியவில்லை.

"என்னய ஏன் பாக்கிய?" என்றாள் அவள். "எம்பிள்ள பத்து வருஷம் இந்தத் தெருவுலதான இருக்கப்போகுது? மூணு நாளா, பத்து வருஷமா? போட்டே வைங்க."

பேச்சித்தாய் கழுத்து விசிலை விரலில் உருட்டிக்கொண்டிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை பத்து நாற்பதுக்கு விசில் கேட்டது.

அதே நீளம். தெருவில் டப் டப்பென்று சுவிட்சுகள் விழுந்தன. அடுப்பில் இருந்தவள் கரண்டியோடு ஓடி இறக்கினாள். தலை துவட்டிக்கொண்டிருந்தவள் துண்டோடு இறக்கினாள். நேற்று ராத்திரி வரை பேசி முடிவு செய்த அதே பெண்கள்தான். பாதித் தெரு இறங்கிய பிறகுதான் யாரோ கத்தினார்கள். ரோஸ்லின் நெற்றியில் அடித்துக்கொண்டு வெளியே ஓடினார். அவருடைய கையும் வரும் வழியில் அவர் வீட்டு மெயினை இறக்கிவிட்டுத்தான் வந்திருந்தது.

வாசலில் பேச்சித்தாய் விசிலைப் பார்த்தபடி நின்றாள். அது அவள் உள்ளங்கையில் ஈரமாக இருந்தது.

"நான் ஊதலக்கா. சத்தியமா நெனச்சு ஊதல. கை தானா எடுத்துட்டு."

ஒருத்தி திட்ட வாயெடுத்தாள். ரோஸ்லின் அவளை ஒரு பார்வையில் நிறுத்தினார். "நீ இறக்குனியா இல்லயா? அப்ப பேசாத."

செவ்வாய் போனது. மிச்சம் மூன்றே நாள்.

புதன்கிழமை பத்து மணிக்கே எல்லோரும் வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருவுக்கு வந்துவிட்டார்கள். சாவிகள் ஒரு குடத்தில். சுவிட்சுக்கும் கைக்கும் நடுவில் ஒரு பூட்டு வேண்டும் என்றது பேச்சித்தாய்தான். கூடத்தின் மெயின் பெட்டிக்கு முதுகைக் கொடுத்து அவளே உட்கார்ந்துகொண்டாள். பத்து நாற்பதுக்குப் பக்கத்தில் இருந்த பெண்களின் விரல்கள் மடியில் நெளிவதைப் பார்த்தேன். என் விரல்களும்தான். வாழ்நாள் முழுக்க முந்திக்கொண்டு அணைத்தவளுக்கு, போடப்பட்ட ஒரு சுவிட்சை அப்படியே விட்டுவிட்டு உட்கார்ந்திருப்பது, சபையில் எழுந்து நின்று எனக்கு வேண்டும் என்று சொல்வதைப் போல உடம்பைக் கூசச் செய்தது.

பதினொன்றுக்கு மின்சாரம் போனது. ஒன்றரைக்கு வந்தது. வந்த வேகத்தில் நான்கு வீட்டில் ஃப்ரிட்ஜ் போயிற்று. ஒரு மிக்ஸி வெடித்தது. கூடத்து மோட்டார் உறுமி, தடுமாறி, ஓடியது. பேச்சித்தாய் பெட்டியிலிருந்து முதுகை எடுக்க அரை மணி நேரமானது.

வியாழக்கிழமை அது ஓடவில்லை. ஒன்றரைக்கு ஒரு நீலப் பொறி, கருகிய செம்பு வாசனை, அவ்வளவுதான். வெளியே நாற்பத்தைந்து டிகிரி. தொட்டிலில் குழந்தையின் வாய் மீன்குஞ்சின் வாயைப் போலத் திறந்து மூடியது. ஜெபசெல்வி அழவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள். அவள் வாய்விட்டு உதவி கேட்டிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

"என் வீட்டுக்கு வா. அலுவலர் குடியிருப்பு. அங்க இருபத்து நாலு மணி நேரமும் கரண்ட் இருக்கும்" என்றேன்.

போகும் வழியிலேயே போனில் என் பணி இடைநீக்க உத்தரவு வந்தது. வண்டியில் இருந்த என் அலுவலகக் கருவியின் திரை என் பெயரை அழித்துவிட்டு இருண்டது. என் அறையில் குளிர்சாதனம் ஓடத் தொடங்கிக் கால் மணி நேரத்தில் குழந்தை தும்மியது. ஜெபசெல்வி சுவரைப் பார்த்துச் சொன்னாள்: "இவ்ளோ குளுருல ஒரு ஆளா இருந்தியளாக்கும்?"

மோட்டார் இல்லாத கூடம் வெள்ளிக்கிழமை எப்படிக் காத்திருக்கும்? நான் போனபோது ரோஸ்லின் அதற்கு வழி செய்திருந்தார். மாதா கோயில் திருவிழாவின் சீரியல் விளக்குகள், ஆளுயர ஒலிப்பெட்டிகள், எட்டு இஸ்திரிப் பெட்டி, இரண்டு கிரைண்டர், படகுப் பட்டறையின் வெல்டிங் மிஷின் எல்லாம் கூடத்துக்குள் ஒயர்களோடு பின்னிக் கிடந்தன. பட்டறைக்காரர் வாசலில் நின்று வியர்வையைத் துடைத்தார்.

"அண்ணாச்சி, எரிஞ்சா கேக்கக் கூடாது" என்றார் ரோஸ்லின்.

"எரியட்டும்க்கா. ஒரு நாளாவது நமக்காவ எரியட்டும்."

கர்ப்பிணிகளைக் கோயிலுக்குள் கிடத்தி ஈரச் சாக்கு மூடியிருந்தார்கள். மற்றவர்கள் தெருவில் வேப்பமர நிழல் நகர நகர நகர்ந்தார்கள். பதினொன்று. பன்னிரண்டு. ஒருத்தி வாந்தி எடுத்தாள். இன்னொருத்தி எழுந்து, "போதும், நான் இறக்கப்போறேன்" என்று குடத்தை நோக்கி நடந்தாள். பேச்சித்தாய் எழுந்து அவள் தோளைப் பிடித்தாள்.

"எனக்கும் அப்படித்தான் இருக்கு. ஒக்காரு."

ஒன்றரைக்கு நூறு ரூபத்தில் மின்சாரம் வந்தது. பட்டப்பகலில் சிவப்பும் பச்சையுமாக விளக்குகள் ஓடின. திருவிழாவில் பாதியில் நின்ற பாட்டு பாதியிலிருந்தே தெரு அதிரப் பாடியது. கிரைண்டர்கள் வெறும் கல்லை அரைத்தன. வெல்டிங் மிஷின் மட்டும் புகைந்தது. பெண்கள் சத்தத்துக்கு நடுவில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, என்ன செய்வதென்று தெரியாமல், கத்திச் சிரித்தார்கள்.

ஆறு மணிக்கு ரோஸ்லினின் போனில் ஒதுக்கீடு வந்தது. நான்தான் படித்தேன். ஆறாம் பாத்தி: பகல் முழுவதும் மின்சாரம்.

கூச்சல் அடங்கிய பிறகு ரோஸ்லின் என்னைத் தனியே இழுத்தார்.

"ஏ பிள்ள, ஒண்ணு கேக்கேன். எங்களுக்குத் திருப்பிக் குடுத்துட்டுன்னா, அது வேற எங்கயோருந்து எடுத்துருக்கும்லா?"

அதைக் கேட்க மாட்டார் என்று நினைத்திருந்தேன்.

"ஆமாக்கா. அடுத்து யாரு ரொம்பப் பேசாம இருக்காங்களோ அவங்ககிட்டருந்து. யாருன்னு நாளைக்குத்தான் தெரியும்."

"தெரிஞ்சதும் சொல்லு. நாம போய் அவியளுக்குச் சொல்லிக் குடுக்கணும். இல்லன்னா நாம செஞ்சதுக்கு அர்த்தமே கெடயாது."

சனிக்கிழமை பதினோரு மணிக்கு என் வீட்டில் மின்சாரம் போனது.

முதலில் ஃபியூஸ் என்று நினைத்தேன். சன்னலைத் திறந்தேன். சி பிளாக்கின் ஆறு மாடியும் ஊமையாக நின்றது. இங்கே அறுபது குடும்பம், எல்லோரும் மின்துறை. தினமும் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது விளக்கு, விசிறி, குளிர்சாதனம், கடைசியில் மெயின் என்று ஒழுங்காக அணைத்துவிட்டுத்தான் கதவைப் பூட்டுவோம். சிக்கனத்தைப் பற்றி ஊருக்கு வகுப்பெடுப்பவர்கள் வேறெப்படிச் செய்வோம்? ஆள் இருக்கும் ஓரிரு வீட்டைத் தவிர, பகலில் எங்கள் பிளாக்கில் இத்தனை வருடமாக எதுவும் சுவிட்ச் போட்டபடி இருந்ததில்லை.

"இங்கயுமா?" என்றாள் ஜெபசெல்வி. பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள், சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு.

ரோஸ்லினைக் கூப்பிட்டேன். "சி பிளாக்தான்க்கா. என் வீடு."

"சரி, பிள்ளய உடனே அனுப்பு. பட்டறை அண்ணாச்சி எரிஞ்ச மோட்டாருக்கு நேத்தே புதுக் கம்பிச் சுருள் கட்டி மாட்டிட்டாரு. இங்கன குளுகுளுன்னு கெடக்கு. நீயும் வாரியா?"

"எனக்கு இங்க வேலை இருக்குக்கா."

ஆட்டோவில் ஜெபசெல்வியையும் குழந்தையையும் ஏற்றிவிட்டு மாடி ஏறினேன். இரண்டாவது மாடிப் படியில் அத்வைத் நின்றிருந்தார், பனியனோடு. அவரை அப்படிப் பார்த்ததே இல்லை. மூன்றாவது மாடியில் அவர் வீடு. படுக்கையில் கிடக்கும் அப்பா அங்கே இருக்கிறார் என்று எல்லோருக்கும் தெரியும்.

"ஆபீசுக்கு நாற்பது பேர் போன் பண்ணிட்டாங்க" என்றார். "மனு ஏத்துக்க முடியாதுன்னு மிஷின் திருப்பி அனுப்புது. நம்ம ஆபீஸே நமக்கு அனுப்புது."

ஒருவேளை ரசித்தேனோ என்னவோ. அவர் நெற்றி வியர்வை படிமேல் சொட்டியதும் அது போய்விட்டது.

"உங்களை நீக்கினது நான்தான்."

"தெரியும் சார்."

"அப்பாவுக்கு மூச்சு வாங்குது. மூணு நாள் தாங்கிட்டா போதுமா?"

"தாங்கக் கூடாது சார். அதுதான் விஷயம். அவரை இப்பவே ஆறாம் பாத்திக்குக் கூட்டிட்டுப் போங்க, ரோஸ்லின் அக்காகிட்ட என் பேரைச் சொல்லுங்க. இங்க எதையும் அணைக்காதீங்க. வேலைக்குப் போறப்பவும்."

"அப்புறம் வேற யாருக்கோ போகுமே?"

"போகும். எங்கன்னு பாத்து நாம போய்ச் சொல்லணும். அவங்க அடுத்தவங்களுக்குச் சொல்லணும்."

அவர் பொறியாளர். மாவட்டத்தின் நானூற்றுச் சொச்சம் குடியிருப்புகளும் அவர் கண்ணுக்குள் ஒவ்வொன்றாக அணைய மறுப்பதை நான் பார்த்தேன்.

"எடுக்கிறதுக்கு இடமே இல்லன்னா நிரவி நின்னுடும்" என்றார் மெதுவாக. "விதிப்படி, ஆட்கள் கூடி உக்காந்து முடிவு பண்ணணும்."

"எல்லாரையும் வச்சுக்கிட்டு. ஆலையோட ஒப்பந்தத்தையும் மேசைமேல வச்சுக்கிட்டு."

கீழே யாரோ ஜெனரேட்டர் இருக்கிறதா என்று கத்திக்கொண்டிருந்தார்கள். அத்வைத் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, தான் கேட்கப்போவது தன் காதிலேயே விழக் கூடாது என்பதுபோலக் கேட்டார்.

"என் வீட்ல ஏசி ரெண்டு இருக்கு மேடம். ரெண்டையும் போட்டு விடவா?"

"ரெண்டையும் போடுங்க. கீசரையும்."

அவர் ஏறிப் போனார். நான் எதிர் வீட்டுக் கதவைத் தட்டினேன்.